உடைந்து வந்த கிட்டப்பா தட்டு: யாரைக் கேட்பது?

கல்மண்டபம்78
ஞாயிறு, இரவு 9:10

வணக்கம். சென்னை ராயபுரம் கல்மண்டபம் பக்கம் என் வீடு. இத்தனை நாளும் இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இணைய ஏலத்தில் ஆறு கிராமபோன் தட்டுகளை ஒரே லாட்டாக எடுத்தேன். எல்லாம் பத்து அங்குலம், நிமிடத்துக்கு 78 சுற்று வேகம், பழைய அரக்குத் தட்டு. 4,200 ரூபாயில் ஏலம் முடிந்தது, அனுப்பும் செலவு 280. விற்றவர் கொல்கத்தாக்காரர். உண்மையில் எனக்கு ஆறும் தேவையில்லை. அதில் அந்தக் கால நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா பாடிய தட்டு ஒன்று இருந்தது, அதற்காகத்தான் மற்ற ஐந்தையும் சேர்த்து வாங்கினேன். தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவரிடம் இதே தட்டு இருந்ததாம். கையில் காசு இல்லாத ஒரு வருடம், கிராமபோனோடு சேர்த்து எல்லாவற்றையும் மூர் மார்க்கெட் பழைய சாமான் கடையில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். அப்பாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது. சாப்பிட்டதை மறந்துவிடுகிறார், அந்தத் தட்டை மறக்கவில்லை.

நேற்று மதியம் கூரியர் வந்தது. எந்தக் கூரியர் என்று கேட்க வேண்டாம், பெயர் சொல்லிச் சண்டை போடுவதற்காக இந்த இழையைத் திறக்கவில்லை. பெட்டியைக் கையில் வாங்கும்போதே உள்ளே உண்டியலைக் குலுக்கியது போல ஒரு சத்தம். ஒரு மூலை உள்ளே போயிருந்தது. டெலிவரிப் பையன் அவசரத்தில் இருந்தான், ஓடிபி கேட்டான், சொல்லிவிட்டேன். அங்கேயே திறந்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

இரண்டு தட்டு தூள். கிட்டப்பா தட்டில் விளிம்பில் இருந்து நடு லேபிள் வரை ஒரு விரிசல். பிரியவில்லை, ஆனால் விரலால் தொட்டால் நகம் தட்டுகிறது. மற்ற மூன்றும் பார்வைக்கு நன்றாக இருக்கின்றன. ஆறு தட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைத்து, சுற்றிலும் பெங்காலிப் பேப்பர், அதன் மேல் ஒரே ஒரு சுற்று பபிள் ரேப், மெல்லிய அட்டைப்பெட்டி. அவ்வளவுதான் பேக்கிங்.

விற்றவரிடம் கேட்டால், "நான் நல்லபடியாகத்தான் கொடுத்தேன், கூரியரைக் கேளுங்கள்" என்கிறார். கூரியர்காரர்கள், "பேக்கிங் சரியில்லை, அனுப்பியவரைக் கேளுங்கள்" என்கிறார்கள். நான் யாரைக் கேட்பது?


முள்ளும்தட்டும்
ஞாயிறு, இரவு 9:38

தம்பி, முதலில் ஒன்று. பெட்டியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அந்த பெங்காலிப் பேப்பர்கூட இருக்கட்டும். வெளிப்பெட்டியின் ஆறு பக்கமும், நசுங்கிய மூலையும், முகவரிச் சீட்டும், உள்ளே எப்படி அடுக்கியிருந்தது என்பதும் தெரிகிற மாதிரி படம் எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே கலைத்துவிட்டீர்கள் என்றால் இருக்கிற நிலையிலேயே எடுங்கள். திரும்ப அடுக்கி வைத்து எடுக்காதீர்கள், அது பொய்யாகத் தெரியும்.

இரண்டாவது, கிட்டப்பா தட்டைக் கிராமபோனில் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். கிராமபோனில் முள்ளைப் பிடித்திருக்கும் சவுண்ட் பாக்ஸ் நல்ல கனம், கீழே எஃகு முள். விரிசலில் ஒரு தரம் இடித்தால் பிரிந்துவிடும். மூன்றாவது, ஸ்பிரிட் அல்லது சானிடைசர் வைத்துத் துடைக்காதீர்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும். நான் பெரம்பூரில் ஒருவர் வீட்டில் பார்த்திருக்கிறேன், தட்டைப் பளபளப்பாக்குகிறேன் என்று கிளம்பி, பாட்டையே துடைத்து எடுத்துவிட்டார்.

தெரியாதவர்களுக்காக: இந்தத் தட்டுகள் பிளாஸ்டிக் இல்லை. அரக்குப் பூச்சி மரக்கிளையில் விடும் பிசினோடு கல்மாவு, பஞ்சுத் தூள், கரி எல்லாம் சேர்த்துச் சூடாக அழுத்தியது. கல்லைப் போல இருக்கும், கண்ணாடியைப் போல உடையும். பின்னால் வந்த பிளாஸ்டிக் எல்.பி. தட்டு வளைந்து கொடுக்கும், இது கொடுக்காது.


வியாசைக்காரன்
ஞாயிறு, இரவு 10:02

ஃபெவிக்விக் போட்டு ஒட்டிவிடலாமே அண்ணா? எங்கள் வீட்டில் கேரம் ஸ்டிரைக்கர் உடைந்தபோது அப்படித்தான் ஒட்டினோம். இன்னும் ஆடுகிறோம்.


முள்ளும்தட்டும்
ஞாயிறு, இரவு 10:15

ஸ்டிரைக்கரில் பள்ளம் ஏதப்பா? இதில் பாட்டே அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது. பசை அதில் இறங்கினால் முள் எகிறிவிடும். நீ சொல்வது முழுக்கத் தப்பும் இல்லை. விரிசல் விரியாமல் இருக்க, வெளி விளிம்பிலும் லேபிள் ஓரத்திலும் ஊசிமுனை அளவு தொட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதைச் செய்ய மாட்டேன்.


தண்டையார்பேட்டை தபால்
திங்கள், காலை 6:20

ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், முப்பத்து நான்கு வருடம் தபால் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் பார்சல் தபாலில் வரவில்லை என்றாலும் பார்சல்களின் தலையெழுத்து எல்லா இடத்திலும் ஒன்றுதான், அதனால் எழுதுகிறேன்.

"உடையும் பொருள், கவனம்" என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு, வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருக்கும்போது அதை யார் படிப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? பார்சல் பையில் போகும், பை மேல் பை விழும். உங்கள் தட்டுப்பெட்டி பலகை மாதிரி சப்பையாக இருக்கும், அதனால் அடியில்தான் போகும். மேலே பத்து கிலோ இரும்புச் சாமான் உட்காரும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஓர் ஆள் உயரத்தில் இருந்து கீழே விழுந்தாலும், மேலே ஒருவர் உட்கார்ந்தாலும் தாங்குகிற மாதிரி கட்டினால்தான் அது பார்சல். ஸ்டிக்கரை நம்பிக் கட்டினால் அது வேண்டுதல்.

அடுத்தமுறைக்கு இரண்டு விஷயம். தபாலில் வருகிற பார்சல் நசுங்கியோ எடை குறைந்தோ தெரிந்தால், "ஓப்பன் டெலிவரி வேண்டும்" என்று கேட்கலாம். அலுவலர் முன்னிலையில் திறந்து, உள்ளே இருப்பதை எழுதி வைப்பார்கள். சேதத்தை நிரூபிக்க அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. இரண்டாவது இன்ஷூரன்ஸ். சாதாரணமாக ஸ்பீடு போஸ்டில் வந்த பொருள் சேதமானால் கிடைப்பது, கட்டிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், எது குறைவோ அது. நாலாயிரம் ரூபாய்ப் பொருள் என்றாலும் அவ்வளவுதான். அதற்கு மேல் வேண்டும் என்றால் அனுப்பும்போதே இன்ஷூர் செய்ய வேண்டும். 1898 தபால் சட்டம் போய் இப்போது 2023 தபால் சட்டம் வந்துவிட்டது, 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. சேதத்துக்குத் துறையைப் பொதுவாகப் பொறுப்பாக்க முடியாது என்பது இரண்டிலும் உண்டு.

நாங்கள் இருந்த காலத்தில் இன்ஷூர் பார்சல் என்றால் மூட்டுக்கு மூட்டு அரக்கு உருக்கி முத்திரை வைத்திருக்க வேண்டும். உங்கள் தட்டும் அரக்கு என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். வெளியே பூச வேண்டியதை உள்ளே வைத்து அனுப்பியிருக்கிறார் அந்த மனிதர்.


அரைவக்கீல்
திங்கள், காலை 11:45

பாரிமுனையில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா நான். வக்கீல் இல்லை, பெயரைப் பார்த்தாலே தெரியும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

விற்றவர் "கூரியரிடம் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது" என்கிறார் இல்லையா? 1930-ஆம் வருடச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் அதற்கு ஓர் ஆதாரம் உண்டு. 39-ஆம் பிரிவு: கொண்டுசேர்ப்பவரிடம் ஒப்படைத்தாலே வாங்கியவரிடம் ஒப்படைத்த மாதிரிதான் என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள். எல்லோரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவு உங்கள் பக்கம் பேசுகிறது. பொருளின் தன்மையையும் மற்ற நிலைமைகளையும் பார்த்து, நியாயமான ஏற்பாட்டோடுதான் கொண்டுசேர்ப்பவரிடம் விற்பவர் ஒப்படைக்க வேண்டும். அதைச் செய்யாமல் வழியில் சேதமானால், "எனக்கு ஒப்படைத்ததாகவே ஏற்க மாட்டேன்" என்று நீங்கள் சொல்லலாம், அல்லது நஷ்டஈடு கேட்கலாம். கண்ணாடி மாதிரி உடைகிற பொருளைச் சட்டைப் பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் சாதாரண கூரியரில் விட்டது நியாயமான ஏற்பாடா என்பதுதான் கேள்வி.

கூரியரைப் பிடிப்பது கஷ்டம். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் "எங்கள் பொறுப்பு இவ்வளவுதான்" என்று அச்சிட்டிருப்பார்கள். அனுப்பியவர் கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த வரம்பு செல்லும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றமே ஒரு கூரியர் வழக்கில் சொல்லியிருக்கிறது. தவிர, கூரியரோடு ஒப்பந்தம் போட்டவர் அவர், நீங்கள் இல்லை.

ஓடிபி சொன்னதற்காகக் கவலைப்பட வேண்டாம். பெட்டி வந்து சேர்ந்தது என்பதற்குத்தான் அது அத்தாட்சி. உள்ளே முழுசாக இருந்தது என்று நீங்கள் எங்கும் ஒப்புக்கொள்ளவில்லை.

பணத்தை ஏலத் தளம் வழியாகக் கட்டினீர்களா, நேரடியாக யுபிஐ போட்டீர்களா? அதைச் சொன்னால்தான் மேலே சொல்ல முடியும்.


கல்மண்டபம்78
திங்கள், மதியம் 1:30

தளம் வழியாகத்தான் கட்டினேன். நேரடியாகப் போட்டால் 200 குறைத்துக்கொள்கிறேன் என்று அவர் கேட்டார். நல்ல வேளை, அதற்கு மசியவில்லை.


அரைவக்கீல்
திங்கள், மதியம் 1:52

அப்படியானால் இன்றைக்கே தளத்தில் புகார் பதிவு செய்யுங்கள். படங்களோடு, அவரோடு பேசிய செய்திகளோடு. தளம் வைத்திருக்கும் நாள் கெடு தாண்டினால் அப்புறம் எந்தச் சட்டம் பேசியும் அங்கே வேலை நடக்காது. 2020 மின்வணிக விதிப்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததைத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதிலும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். அதற்கும் மேலே நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், கொல்கத்தாவுக்கு ரயில் ஏற வேண்டாம். ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை. இரண்டு வருடம் அவகாசம்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. விற்றவர் இதையே தொழிலாகச் செய்பவரா, இல்லை வீட்டுப் பரணில் கிடந்ததை ஒருமுறை போட்டவரா? இரண்டாவது என்றால் நுகர்வோர் சட்டத்தில் அவரை இழுப்பது சிரமம்.


பழஞ்சரக்கு
திங்கள், மாலை 4:15

எல்லோரும் சேர்ந்து விற்றவனைத் தூக்கில் போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. நானும் விற்கிறவன்தான். மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு அல்லிக்குளத்துக்கு வந்த கடைகளில் எங்கள் அப்பா கடையும் ஒன்று. சிம்னி விளக்கு, பீங்கான் ஜாடி, ரேடியோ என்று உடைகிற சாமான்களிலேயே வளர்ந்தவன்.

வாங்குகிறவர்கள் செய்வதை யாரும் எழுதுவதில்லை. 500 ரூபாய்க்கு ஏலம் எடுத்துவிட்டு, மரப்பெட்டிக்கு 400 ஆகும் என்றால் மூக்கால் அழுவார்கள். "சும்மா அட்டையில் சுற்றி அனுப்புங்க பாஸ், பார்த்துக்கலாம்" என்பார்கள். உடைந்து போனால் அந்தப் "பார்த்துக்கலாம்" காணாமல் போய்விடும். பாதி விலையைத் திருப்பி வாங்கிக்கொண்டு உடைந்த சாமானையும் வைத்துக்கொண்டு, ஒட்டி வேறு இடத்தில் விற்றவர்களையும் எனக்குத் தெரியும்.

கல்மண்டபம் சார், உங்களைச் சொல்லவில்லை. ஆனால் பேக்கிங் பற்றி ஏலம் முடிந்ததும் அவர் உங்களிடம் ஒன்றுமே பேசவில்லையா? இவ்வளவு விவரமாக எழுதியவர் அதை மட்டும் எழுதவில்லையே.


வியாசைக்காரன்
திங்கள், மாலை 4:21

இடைவேளை. பாப்கார்ன் வாங்கி வருகிறேன்.


கல்மண்டபம்78
திங்கள், இரவு 10:50

பழஞ்சரக்கு அண்ணன் பிடித்துவிட்டார். மத்தியானமே படித்தேன், பதில் எழுத இவ்வளவு நேரம் ஆகிவிட்டது.

பேசினார். ஏலம் முடிந்த அன்று ராத்திரியே, "பிளைவுட் பெட்டி செய்து அனுப்பட்டுமா, 350 கூட ஆகும்" என்று கேட்டிருந்தார். நான் எழுதிய பதில் இதுதான்: "வேண்டாம், அட்டைப்பெட்டி போதும்." ஏற்கெனவே நினைத்ததைவிட ஆயிரம் ரூபாய் அதிகம் போய்விட்டது, வீட்டில் வேறு சொல்லவில்லை. 350 மிச்சம் பிடித்தேன். அதை இங்கே எழுதினால் கேஸ் பலவீனமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். இது கோர்ட்டு இல்லை, தப்புதான்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். அட்டைப்பெட்டி போதும் என்றால், எப்படி வேண்டுமானாலும் கட்டலாம் என்று அர்த்தமா?


முள்ளும்தட்டும்
செவ்வாய், காலை 7:05

தம்பி, சொன்னீர்களே, அதுவே போதும். நாங்கள் எல்லோரும் ஏதோ ஒரு 350-ஐ மிச்சம் பிடித்தவர்கள்தான். என்னுடையது 12 அங்குல நாகஸ்வரத் தட்டு. அதைப் பற்றி எழுத மாட்டேன்.

உங்கள் கேள்விக்குப் பதில்: இல்லை. அட்டைப்பெட்டியிலேயே தட்டு முழுசாக வரும். நான் பல தட்டுகளை அப்படி வாங்கியிருக்கிறேன். கொசப்பேட்டையில் கொலு பொம்மை கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பொம்மையைப் பெட்டியோடு ஒட்ட விடமாட்டார்கள். எந்தப் பக்கம் தொட்டாலும் வைக்கோல்தான் கையில் படும். விஷயம் அவ்வளவுதான். தட்டு பெட்டிச் சுவரைத் தொடக்கூடாது, உள்ளே அசையவும் கூடாது.

நான் அனுப்பினால் இப்படிச் செய்வேன். ஒவ்வொரு தட்டுக்கும் புதுக் காகித உறை. தட்டைவிட ஒவ்வொரு பக்கமும் இரண்டு விரல் பெரியதாக நெளி அட்டைச் சதுரங்கள் வெட்டி, இரண்டு தட்டுக்கு நடுவில் ஒன்று. ஒரு அட்டையின் நெளி நெடுக்காக இருந்தால் அடுத்தது குறுக்காக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் ஓடினால் அந்தக் கோட்டில் மடங்கிவிடும், தட்டும் கூடவே போய்விடும். உங்கள் கிட்டப்பா விரிசலுக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். நடுவில் அட்டையே இல்லை, ஒரு தட்டு வளைந்தால் மற்றதெல்லாம் அதன்மேல் அழுத்தியிருக்கும். இந்தக் கட்டை டேப் போட்டு இறுக்கி, ஒரு பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டியில் வைக்க வேண்டும். இடையில் நாலு விரல் கனத்துக்குக் கசக்கிய காகிதமோ பபிள் ரேப்போ. மூடிவிட்டுக் குலுக்கிப் பார்க்க வேண்டும். சத்தம் வந்தால் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். அட்டை ஆண்டர்சன் தெருவில் மலிவாகக் கிடைக்கும். பழைய டிவி பெட்டி கிடைத்தால் அட்டைகூட வாங்க வேண்டாம்.

மொத்தமும் நூறு ரூபாய்க்குள் முடியும். 350 ரூபாய் பிளைவுட் பெட்டியில் தட்டைச் சும்மா படுக்க வைத்திருந்தாலும் உடைந்துதான் வந்திருக்கும். மரப்பெட்டி வெளியில் இருந்து வரும் அடியைத்தான் தாங்கும். உள்ளே ஆடுவதை அதனால் நிறுத்த முடியாது.


பழஞ்சரக்கு
செவ்வாய், காலை 9:40

அக்கா சொல்வது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பெட்டியை அனுப்பும்போது தட்டு நிற்கிற மாதிரி அம்புக்குறி போட்டால் நல்லது. யாரும் மதிக்க மாட்டார்கள், ஆனாலும் போடுங்கள்.

கல்மண்டபம் சார், உண்மையைச் சொன்னதற்கு நன்றி. அவர் கேட்டார், நீங்கள் வேண்டாம் என்றீர்கள். ஆனால் தட்டு விற்பவன் என்றால் தட்டு கட்டத் தெரிந்திருக்க வேண்டும். பாதிப் பாதி என்பது என் தீர்ப்பு.


அரைவக்கீல்
செவ்வாய், காலை 10:30

கோர்ட்டு போனாலும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் மறுத்த செய்தி அவரிடம் இருக்கிறது, முதல் காரியமாக அதைத்தான் காட்டுவார். அதனால் புகாரில் அதையும் நீங்களே எழுதிவிடுங்கள். தளத்தில் புகார் திறந்தே இருக்கட்டும். அதே நேரம் அவரிடம் நேரடியாகக் கோபமில்லாமல் ஒரு தொகையைச் சொல்லிக் கேளுங்கள். "ஏதாவது செய்யுங்கள்" என்று கேட்டால் ஒன்றும் வராது. பேச்சு எல்லாம் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே இருக்கட்டும், போனில் வேண்டாம்.


தண்டையார்பேட்டை தபால்
செவ்வாய், காலை 10:48

கிட்டப்பா குரலை என் அப்பாவும் சொல்வார். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்குமாம். இருபத்தேழு வயதில் போய்விட்ட மனிதர். அந்தத் தட்டு எந்த வருடத்தியது?


முள்ளும்தட்டும்
செவ்வாய், காலை 11:20

அவர் 1933-இல் மறைந்தார். சினிமாவில் நடிக்கவே இல்லை. அதனால் அந்தக் குரல் நமக்கு இந்த அரக்கில் மட்டும்தான் மிச்சம். அந்தக் காலத்து இந்தியத் தட்டுகளில் ஏராளமானவை கல்கத்தாவில் அழுத்தியவை. 1908-இல் சியால்டாவில் ஆலை வந்தது, 1928-இல் டம் டம்முக்கு மாறியது. இந்தத் தட்டும் அங்கே பிறந்து, ஒருமுறை இங்கே வந்து, எப்படியோ திரும்பக் கல்கத்தாவுக்குப் போய், தொண்ணூறு வருடம் முழுசாக இருந்திருக்கலாம். கடைசிப் பயணத்தில்தான் விரிந்திருக்கிறது.

தூளான இரண்டையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு தட்டையான டிரேயில் துண்டுகளை வரிசையாக வைத்து மூடி வையுங்கள். அமெரிக்காவில் பெர்க்லி ஆய்வகத்தில் முள் படாமலே, பள்ளங்களைப் படம் பிடித்து ஒலியாக மாற்றுகிற ஒரு கருவியைச் செய்திருக்கிறார்கள். உடைந்த தட்டைக்கூட அப்படிக் கேட்டிருக்கிறார்கள். நமக்கு எட்டுகிற விஷயம் இல்லை, இருந்தாலும் துண்டு இருந்தால்தானே நாளைக்கு ஒரு வழி.

கிட்டப்பா தட்டை என் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். 78 வேகமும், அதற்கான அகல முள்ளும் இருக்கிற மின்சார டர்ன்டேபிள் என்னிடம் உண்டு. எல்.பி. முள் வேண்டாம், அது பள்ளத்தின் அடியில் போய் உரசும். பழைய ஒலிப்பதிவுகளுக்கு உரிமைக் காலம் 60 வருடம்தான், அதனால் பதிவு செய்து நாலு பேருக்குக் கொடுப்பதிலும் தயக்கம் வேண்டாம்.


கல்மண்டபம்78
அடுத்த வாரம், புதன், இரவு 8:45

என்ன நடந்தது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தளத்தில் படங்களோடு புகார் போட்டேன், என் பதிலையும் மறைக்காமல் சேர்த்தேன். விற்றவருக்குத் தனியாக எழுதினேன். "நீங்கள் பெட்டி கேட்டீர்கள், நான் வேண்டாம் என்றேன், அது என் தப்பு. ஆனால் தட்டுகளுக்கு நடுவில் ஓர் அட்டைகூட இல்லையே. 2,000 திருப்பிக் கொடுத்தால் புகாரை முடித்துக்கொள்கிறேன்" என்று. இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாவது நாள் பதில் வந்தது. அவர் வியாபாரி இல்லையாம். மாமனார் சேர்த்து வைத்ததை வீடு காலி செய்வதற்காகப் போட்டாராம். தமிழ் எழுத்துகூட அவருக்குப் படிக்கத் தெரியாது, லேபிள் படத்தை அப்படியே போட்டிருக்கிறார். கடைசியில் 1,600-க்கு ஒப்புக்கொண்டார். தளம் வழியாகவே பணம் வந்துவிட்டது. பழஞ்சரக்கு அண்ணன் சொன்ன பாதிப் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

கூரியரிடம் இருந்து இன்றுவரை "உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே குறுஞ்செய்திதான். நான்கு முறை வந்துவிட்டது.


அரைவக்கீல்
புதன், இரவு 9:02

1,600 நல்ல தொகை. வழக்குப் போட்டிருந்தால் பார்க் டவுனில் இருக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கு அலைந்த ஆட்டோ செலவே அதைத் தாண்டியிருக்கும்.


வியாசைக்காரன்
புதன், இரவு 9:05

அண்ணா, பாட்டு கேட்டீர்களா இல்லையா? அதைச் சொல்லாமல் கணக்கு மட்டும் சொல்கிறீர்கள்.


கல்மண்டபம்78
புதன், இரவு 9:40

ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் அழைத்துக்கொண்டு பெரம்பூரில் முள்ளும்தட்டும் அக்கா வீட்டுக்குப் போனோம். ஆட்டோவில் தட்டை என் மடியில் வைத்திருந்தேன். இரண்டு அட்டைக்கு நடுவில், நெளி குறுக்கும் நெடுக்குமாக, அக்கா சொன்ன மாதிரியே. ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம் அப்பா, "மெதுவாப் போப்பா" என்று டிரைவரை அதட்டிக்கொண்டே வந்தார்.

அக்கா முள்ளை விளிம்பில் வைத்தபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எகிறவில்லை. குரல் வந்தது. கூடவே "டிக், டிக்" என்று விரிசலும் வந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு டிக், நிமிடத்துக்கு 78. மூன்று நிமிடப் பாட்டில் இருநூறுக்கு மேல். பிறகு கணினியில் அக்கா ஒவ்வொன்றாக அதை எடுத்தார், ஒன்றரை மணி நேரம் ஆனது. எடுத்த பதிவும் இருக்கிறது, எடுக்காததும் இருக்கிறது. வேண்டும் என்பவர்கள் சொல்லுங்கள், அனுப்புகிறேன்.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பாட்டு முடியும்வரை கேட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும், "இது இல்லடா. அந்தப் பாட்டு பின்பக்கம் இருக்கும், திருப்பிப் போடு" என்றார்.


முள்ளும்தட்டும்
புதன், இரவு 9:58

பின்பக்கத்திலும் டிக் உண்டு என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். "இருக்கட்டும்மா, எங்க வீட்டுக் கடிகாரமும் அப்படித்தான் கத்தும்" என்றார். திருப்பிப் போட்டேன். இரண்டாவது வரியில் இருந்து அவரும் கூடவே பாட ஆரம்பித்துவிட்டார். அதனால் அந்தப் பக்கப் பதிவில் கிட்டப்பா குரலைவிட அவர் குரல்தான் அதிகம். அடுத்த ஞாயிறு தனியாகத் தட்டை மட்டும் கொண்டுவாருங்கள் தம்பி, திரும்ப எடுத்துவிடலாம்.


கல்மண்டபம்78
புதன், இரவு 10:10

வேண்டாம் அக்கா, அதையே அனுப்பிவிடுங்கள்.